மேடையில் பிறக்கும் கற்பனை

பரதநாட்டியத்தில் நர்த்தகி தான் கற்றதை ஆடும் இடமும் உண்டு; கற்றதைக் கருவியாகக் கொண்டு அப்பொழுதே புதியது படைக்கும் இடமும் உண்டு. அலாரிப்பு, சதிசுவரம் ஆகியவற்றில் அடவுகள் முன்னரே கோக்கப்பட்டவை. பதத்தின் நிலை வேறு. பாடுபவர் ஓரடியைப் பன்முறை திரும்பத் திரும்பப் பாடுவார். நர்த்தகி அவ்வடியின் பொருளை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வகையாக அபிநயித்துக் காட்டுவார். இவ்விரிவைச் சஞ்சாரி என்றும், அதனை ஆக்கும் ஆற்றலை மனோதருமம் என்றும் கலைவல்லார் வழங்குவர்.

தலைவன் வாராமையைத் தலைவி தோழிக்குக் கூறும் ஓரடியைக் கொள்வோம். முதலில் சொல்லுக்குச் சொல் முத்திரையாற் பொருள் காட்டப்படும். அடுத்த முறை, தலைவி தான் தொடுத்து வைத்த மாலை வாடியிருத்தலை நோக்குவாள். அதற்கடுத்து, வாயிலிற் காலடியோசை கேட்டதாக எண்ணி எழுவாள். ஒருவரும் இலர் எனக் கண்டு நாணுவாள். இறுதியில் தோழியையே சினந்து நோக்குவாள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறிய எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையும் இளிவரலும் வெகுளியும் அவ்வோரடிக்குள்ளே வந்து போகும். பாட்டின் சொற்களோ மாறுவதில்லை, தாளமும் பிறழ்வதில்லை. கற்பனை என்றாலே கட்டற்றது என்று எண்ணுவார் இதனை ஒருமுறை கண்டால் போதும்.

இம்மனோதருமத்தை ஆராய மாணவி ஒருத்தி விரும்புகிறாள் எனின், அவள் முதலிற் செய்யவேண்டுவது யாது? வினாவைச் சுருக்குதலே. ‘பரதநாட்டியத்தில் மனோதருமம்’ என்பது வாழ்நாள் முழுதும் ஆராய்தற்குரிய பொருள். ‘ஒரு நர்த்தகி ஒரு பதத்தின் ஓரடியை மூன்று முறை ஆடுங்கால் மாறுவன எவை, மாறாதன எவை?’ என்பது ஒரு பள்ளியாண்டில் விடை காணத்தக்கது.

மூன்று முறை காண்டல் ஏன் வேண்டும் என்பதற்குத் தக்க சான்று ஒன்றுண்டு. வீணை தனம்மாளின் பேர்த்தியாகிய தஞ்சாவூர் பாலசரஸ்வதி (1918–1984) அபிநயத்தில் மனோதருமத்துக்குப் பெயர் பெற்றவர். சத்தியஜித் ராய் 1976-ஆம் ஆண்டில் அவரைப் பற்றி ‘பாலா’ என்னும் படத்தை எடுத்தார். கண்ணனை விரைந்து வருமாறு அழைக்கும் கன்னடப் பாடலுக்கு அவர் கடற்கரையில் அபிநயிப்பதை அப்படத்திற் காணலாம். அதனைப் பன்முறை கண்டு அவர் அபிநயத்தின் நயத்தை உணரலாம். ஆயின், அவற்றுள் எது நெடுநாட் பழக்கத்தால் அமைந்தது, எது அவ்வேளையில் தோன்றியது என்பதை அவ்வொரு பதிவே உணர்த்தாது. வேற்றுமை அறிதற்கு ஒப்பிடற்குரிய பிறிதொன்று வேண்டும்.

ஒப்பிடுங்கால் நர்த்தகி ஒருவரே ஆதல் வேண்டும். இருவர் ஆடலை ஒப்பிட்டால் காணும் வேற்றுமை அவர்தம் ஆசிரியரால் வந்ததாகவும் இருக்கலாம். இயலுமாயின் பாடுபவரும் ஒருவராதல் நலம். நர்த்தகியின் குறிப்பறிந்து பாடகர் அடியைத் திருப்புகிறாரா, பாடகரின் புதிய சங்கதி கேட்டு நர்த்தகி கருத்தை மாற்றுகிறாரா என்பதும் நோக்கத்தக்கது. இதனைப் பலர் நோக்குவதில்லை. படம் பிடிப்பதற்கு நர்த்தகியிடமும் இசைவாணரிடமும் முன்னரே இசைவு பெறல் வேண்டும்.

இனி, இவ்வாராய்ச்சியின் அரிய பகுதி வருகிறது. தேர்ந்த நர்த்தகி ஓரடிக்கு இருபது கற்பனைகளை உள்ளத்திற் சேமித்து வைத்திருப்பார். மேடையில் அவற்றுள் ஐந்தைத் தேர்ந்து ஆடுவார். அஃது அப்பொழுது படைத்ததா, முன்னர்ப் படைத்ததா? கருத்துகள் பழையன, தேர்வும் வரிசையும் புதியன. தேர்வும் படைப்பே எனக் கொள்ளுதலே பொருந்தும். பேச்சாளர் சொற்களைப் புதிதாக ஆக்குவதில்லை, ஆயினும் பேச்சு அவருடையதே. மாணவி வேறு வகையாகவும் கொள்ளலாம். ஆனால், எதனை மனோதருமம் எனக் கொள்வது என்பதை அவள் ஆடலைக் காணும் முன்னரே எழுதிவைத்தல் வேண்டும். கண்ட பின் வரையறை செய்தால், விரும்பிய முடிவுக்கு ஏற்ப வரையறை வளைந்துவிடும்.

நர்த்தகியை வினவும் முறையிலும் விழிப்பு வேண்டும். ‘இஃது உங்களுக்கு அப்பொழுதே தோன்றியதன்றோ?’ என்று வினவின், ‘ஆம்’ என்னும் விடையையும் சேர்த்தே கொடுத்ததாகும். ‘இவ்விடத்தில் என்ன காட்டினீர்கள்? இதற்கு முன் இதனை எங்கேனும் ஆடியதுண்டா?’ என வினவுதலே முறை. நினைவு மங்குமுன், ஆடிய மறுநாளே வினவுதல் நன்று.

மூன்று நாள் ஆடலுக்கும் மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை வரைந்து, அடி திரும்பிய ஒவ்வொரு முறைக்கும் காட்டிய கருத்தையும் மெய்ப்பாட்டையும் குறித்தல் வேண்டும். மூன்று பத்திகளும் ஒன்றுபோலவே அமைதலும் கூடும். மாணவி அதனை மறைத்தலாகாது. அந்நர்த்தகி அவ்வடியை நிலைபெற அமைத்துக்கொண்டார் என்பதும் ஒரு முடிவேயாம். கட்டுரையை ஒப்படைக்கும் முன் அட்டவணையை நர்த்தகியிடம் காட்டுதல் வேண்டும். அவர் மறுக்கும் இடங்கள் இருப்பின், மாணவி தன் குறிப்பை அழியாது, அவர் கூற்றையும் அதன் அருகிலேயே எழுதிவைப்பாள்.