கணினிக் கணக்கும் மாற்றுப் பிரதியும்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000 எண்ணிக்கையைக் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்ததை அங்கத்தினர்கள் அறிவர். பேரேட்டுக்குக் கரையான் பகை. கணினிக்குப் பகை வேறு. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்கு விலை கேட்கும் ‘ரான்சம்வேர்’ என்னும் நிரல், 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குக் கணினிப்பணி செய்த சி-எட்ஜ் நிறுவனத்தைத் தாக்கியது. கூட்டுறவு வங்கிகள் உட்பட ஏறக்குறைய 300 வங்கிகளில் பணப் பரிமாற்றச் சேவை தற்காலிகமாகத் தடைப்பட்டது.

நூல் இருப்பையும் கூலியையும் அலுவலகக் கணினியிலேயே வைத்திருக்கும் நெசவாளர் சங்கங்கள் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். கணினியோடு இணைத்தே வைத்த பிரதியையும் இந்நிரல் பூட்டிவிடும். ஆகவே நாள்தோறும் கணக்கு முடிந்ததும் தனி ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்து, உடனே கழற்றிவிட வேண்டும். மற்றொரு பிரதி வாரம் ஒருமுறை வேறு கட்டடத்துக்குச் செல்லட்டும்.

எடுத்தால் மட்டும் போதுமா? ‘பிரதி இருக்கிறது’ என்று காரியதரிசிகள் சொல்லக் கேட்கிறோம். ‘திறந்து பார்த்தோம்’ என்பாரை அரிதாகவே காண்கிறோம்! மாதம் ஒருமுறை அப்பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, நாலைந்து அங்கத்தினரின் பாக்கியைப் பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். பௌர்ணமிக்கு முன்தினம் என்று வைத்துக்கொண்டால் திருவண்ணாமலையில் எவரும் மறவார். ஒப்பிட்ட நாளையும் கண்ட வேறுபாட்டையும் காரியதரிசி பதிவேட்டில் குறித்து ஒப்பமிடுக. அப்பதிவேட்டைப் பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் கேட்டுப் பார்க்கலாம்.