பழைய மோட்டார் வண்டியை வீட்டிலேயே செப்பனிடுதல்

மோட்டார் வண்டியில் ஏறிச் செல்வோர் நம்மிற் பலர். அதனை ஓட்டத் தெரிந்தோரும் இக்காலத்திற் குறைவல்லர். ஆயின், அதன் உறுப்புக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு இயைந்து தொழிற்படுகின்றன என்பதைத் தம் கையாலேயே தொட்டறிந்தவர் மிகச் சிலரே. இன்றைய வண்டியின் முன்மூடியைத் திறந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையே கண்ணுக்குத் தோன்றும். அதன் கீழுள்ளவற்றின் குறையைக் கணினிக் கருவியின்றி அறிதல் அரிது. ஐம்பது அறுபது ஆண்டுகட்கு முன் செய்யப்பெற்ற வண்டிகளோ அத்தகையன அல்ல. ஸ்பானர், திருப்புளி, சுத்தி இவற்றைப் பிடிக்கத் தெரிந்த எவரும் அவற்றைத் திறந்து பார்க்கலாம். பார்த்ததை அறிந்துகொள்ளவும் கூடும்.

ஆகவே, தொழிற்பயிற்சி பெறாத ஒருவர் பழுதுற்று நிற்கும் பழைய வண்டியொன்றைத் தம் வீட்டிலேயே செப்பனிட இயலுமா என்னும் வினா ஆராயத்தக்கது. இயலும் என்பதே எமது விடை. ஆனால், பிரிப்பதில் வித்தை ஒன்றுமில்லை, பிரித்தவாறே திரும்பக் கோப்பதே வித்தை என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்தல் வேண்டும். இக்கட்டுரை அவ்வுண்மையை விரித்துக் கூற முற்படுகின்றது.

கொங்குநாட்டு முன்மாதிரி

கோயமுத்தூரார்க்கு இவ்விஷயத்தில் நல்லதொரு முன்மாதிரி உண்டு. சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டிற் பிறந்த ஜி. டி. நாயுடு, தம் இளமையில் ஆங்கில அதிகாரியொருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோயமுத்தூரில் ஹோட்டலொன்றிற் பணிசெய்து பொருள் சேர்த்து, அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். பின்னர் அதனை உறுப்புறுப்பாகப் பிரித்து, மீண்டும் முன்போலப் பூட்டி, யந்திர நுட்பத்தைத் தாமே கற்றுக்கொண்டார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை வைத்து அவர் தொடங்கிய தொழில் பிற்காலத்திற் பெருகி வளர்ந்ததை யாவரும் அறிவர். அவர் பெயரோடு தொடர்புடைய ஜீடி கார் மியூசியம் 2015-இல் அவிநாசி சாலையில் திறக்கப்பெற்றது. செப்பனிடத் தொடங்குவோர் அங்குள்ள வண்டிகளை ஒருமுறை நின்று நிதானமாகக் காணுதல் நன்று. செப்பமுற்ற வண்டி எவ்வாறிருக்கும் என்பது கண்ணிற் பதியும்.

வண்டியைத் தெரிந்தெடுத்தல்

பழக்கமில்லாதவர் முதன்முதலில் அரியதொரு வெளிநாட்டு வண்டியை நாடுதல் ஆகாது. உறுப்புக்கள் கிடைக்கக் கூடியதும், நம் மெக்கானிக்குகள் பழகியதுமான வண்டியே ஏற்றது. அவ்வகையில் மூன்றைக் கூறலாம். மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை ஒட்டி உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பெற்ற அம்பாஸடர் ஒன்று. பியட் 1100 வண்டியின் வழிவந்து, 1974 முதல் பத்மினி என்னும் பெயர் பூண்ட பம்பாய் வண்டி மற்றொன்று. மூன்றாவது, 1961 முதல் 1971 வரை நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியாரால் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இவற்றுள் ஹெரால்டின் அமைப்புக் கற்போர்க்கு மிகவும் வாய்ப்பானது. அம்பாஸடரிலும் பத்மினியிலும் உடலே சட்டமாகவும் அமைந்துள்ளது; ஹெரால்டிலோ அடிச்சட்டம் வேறு, அதன்மேல் போல்ட்டுக்களாற் பூட்டப்பெற்ற உடற்பகுதிகள் வேறு. முன்மூடி இருபக்கச் சிறகுகளோடும் சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். திறந்ததும் 948 கன சென்டிமீட்டர் எஞ்சினும் முன்சக்கர அமைப்பும் முழுவதும் வெளிப்பட்டு நிற்கும். குனிந்து துழாவ வேண்டுவதில்லை.

எந்த வண்டியாயினும், வாங்குவோர் முதலில் நோக்க வேண்டுவது எஞ்சினை அன்று, துருவையே. எஞ்சின் தேய்ந்திருந்தால் கோயமுத்தூரில் அதைச் சரிசெய்தல் அரிதன்று. கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் முதலிய இடங்களில் வார்ப்படச் சாலைகளும் லேத்துப் பட்டறைகளும் நிறைய உண்டு. ஆனால், அடிச்சட்டமோ கதவின் கீழ்க்கட்டையோ உள்ளே அரித்துப் போயிருந்தால், அவ்வண்டியின் எலும்பே போயிற்று என்க. சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்க்க. உறுதியான தகடு கணீரென ஒலிக்கும், அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். மேற்றகட்டிற் காந்தமொன்றை நகர்த்திப் பார்க்க; அது ஒட்டாத இடத்தில் இரும்புக்குமேல் கனமாகப் பட்டி பூசப்பட்டிருத்தல் கூடும். பதிவுப் புத்தகத்திலுள்ள சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியிற் பொறித்த எண்களோடு ஒத்திருத்தலும் இன்றியமையாதது.

இடமும் ஏற்பாடும்

தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டத்துச் சாளையொன்றில் இவ்வேலை நடைபெறுவதாகக் கொள்வோம். மலையடிவாரமாதலின், தென்மேற்குப் பருவக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழிவரும் காற்று ஈரம் சுமந்து வீசும். மண் தரையில் நிற்கும் வண்டிக்குக் கீழிருந்தும் ஈரம் ஏறும். ஆதலால், சிமெண்டுத் தரையும், மழைச்சாரல் படாத கூரையும், காற்றோட்டமும் வேண்டும். தார்ப்பாயை வண்டியின்மேல் ஒட்டப் போர்த்துதல் தவறு. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றித் துருவை வளர்க்கும். பருத்தித் துணியாற் போர்த்துதல் மேலானது.

ஜாக்கினால் மட்டும் தூக்கி நிறுத்திய வண்டியின் கீழ் ஒருபோதும் நுழையலாகாது. உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பின்னரே கீழே படுத்தல் வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் திடீரென நொறுங்கும் இயல்பின. அவற்றை நம்புதல் உயிருக்கு ஆபத்து. பழைய பெட்ரோல் தொட்டி வெறுமையாகத் தோன்றினும் அதனுள் ஆவி நிறைந்திருக்கும். அதனருகே வெல்டிங் கூடவே கூடாது.

பிரிக்கும் முறை

தொடக்கக்காரரின் ஆர்வம் முதல் வாரத்திலேயே வண்டி முழுவதையும் பிரித்துவிடத் தூண்டும். ஆறு மாதம் கழிந்தபின், எந்த போல்ட்டு எங்கிருந்தது என்பது எவர்க்கும் நினைவிராது. அவ்வாறு பாதியில் நின்ற வண்டிகள் இறுதியிற் பழைய இரும்புக் கடைக்கே செல்கின்றன. இவ்விழப்பைத் தவிர்க்கும் வழி எளிது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்க. கழற்றுவதற்கு முன் ஒவ்வோர் இடத்தையும் படம் பிடிக்க. கழற்றிய வரிசையை எண்ணிட்டு எழுதுக. பூட்டும் வரிசை அதன் தலைகீழே ஆகும். ஒவ்வொரு பகுதியின் நட்டுக்களையும் தனித்தனி டப்பாவிலிட்டுச் சீட்டு ஒட்டுக. கூடுமானால், கழற்றிய போல்ட்டை அதன் துளையிலேயே விரலால் முடுக்கி வைக்க.

இதனினும் முக்கியமான விதி, ஒரு பகுதியை முடித்த பின்னரே மறு பகுதியைத் தொடுதல். முன்சக்கரப் பிரேக்கைப் பிரித்தால், அதைத் துலக்கி, தேய்ந்ததை மாற்றி, பூட்டி முடித்த பின்பே பின்சக்கரத்திற்குச் செல்க. இவ்வாறு செய்யின் வண்டி எக்காலத்தும் வண்டியாகவே நிற்கும். உதிரிக் குவியலாக மாறாது.

எஞ்சினுள் வரிசை பேணுதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு வால்வும் தன் இருக்கையோடும், ஒவ்வொரு தள்ளுகோலும் தன் இணையுறுப்போடும் பல்லாண்டு தேய்ந்து பழகியவை. அவற்றை இடம் மாற்றிப் பூட்டினால் பொருந்தாமற் சத்தமும் தேய்வும் மிகும். ஆதலால், ஓர் அட்டையிற் துளைகளிட்டு எண் குறித்து, அவ்வவற்றை அவ்வத்துளையிற் செருகி வைத்தல் மரபு.

எஞ்சினை எழுப்புதல்

நெடுநாள் நின்ற எஞ்சினைச் சாவி திருகி உடனே ஓட்ட முயலுதல் கேடு. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கக்கூடும். வலிந்து சுழற்றினால் வளையம் முறியும். பிளக்குகளைக் கழற்றி, துளைகளின் வழியே துருவிளக்கும் மெல்லிய எண்ணெயை ஊற்றிச் சில நாட்கள் விட்டுவைக்க. பின்னர் கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஸ்பானரிட்டுக் கையாலேயே முன்னும் பின்னும் மெல்ல அசைக்க. சுழலத் தொடங்கியதும் பழைய எண்ணெயை வடித்துப் புதியது நிரப்பி, பிளக்கின்றியே சுழற்றி, எண்ணெய் எங்கும் பரவிய பிறகு ஓட்டிப் பார்க்கலாம். தோட்டத்து ஆயில் எஞ்சினைப் பழுது பார்த்த நம் பக்கத்து விவசாயிகட்கு இம்முறை புதிதன்று.

எரிபொருளைப் பற்றி இருசெய்தி அறியத்தக்கன. நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. அந்த ஈயமே பழைய வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகட்குக் காப்பாக இருந்தது. ஆதலால், சிலிண்டர்த் தலையைப் பட்டறைக்குக் கொண்டுசெல்லும்போதே கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்திவிடுதல் நலம். மற்றொன்று, இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கின்றனர். அது பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் நலிவிக்கும், நீரையும் ஈர்க்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை முதலிலேயே மாற்றாவிடில், சூடேறிய எஞ்சின்மேற் பெட்ரோல் கசிந்து தீப்பற்றுதல் கூடும்.

துருவும் பிரேக்கும்

சிறிய உறுப்புக்களின் துருவை நீக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் நீரும் சலவைச் சோடாவும் கலந்து, துருவேறிய உறுப்பைப் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பழைய இரும்புத் துண்டொன்றை நேர்முனையிலும் கட்டி, ஒன்றையொன்று தொடாதவாறு அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால் துரு நெகிழ்ந்து உதிரும். எவர்சில்வரை நேர்முனையிற் கட்டலாகாது. நச்சுப்பொருள் நீரிற் கலக்கும். ஹைட்ரஜன் வாயு எழுதலின், திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்திற் செய்தல் வேண்டும். ஸ்பிரிங்குகட்கு இம்முறை ஆகாது; அவை முறியுந் தன்மை எய்தும்.

எல்லாவற்றினும் சிறந்த கவனம் பிரேக்குக்கு உரியது. ஓடாத எஞ்சின் எவர்க்கும் தீங்கு செய்யாது. நில்லாத வண்டியோ தெருவில் நடப்போரையும் கொல்லும். காலால் மிதித்த அழுத்தம் திரவத்தின் வழியே நான்கு சக்கரங்கட்கும் சமமாகப் பரவுதல் பாஸ்கல் விதியால் அமைவது. பழைய வண்டிகளிற் பெரும்பாலும் நான்கிற்கும் குழாய்த் தொடர்பு ஒன்றே. ஆகவே, ஓரிடத்திற் கசிந்தால் நான்கும் ஒருங்கே செயலற்றுப்போம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து, அதனாற் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். எழுந்த ஆவி அழுத்தத்தை விழுங்கிவிடும். எனவே ரப்பர்க் கிண்ணங்கள், குழாய்கள், திரவம் ஆகிய மூன்றையும் பழையன நன்றாகத் தோன்றினும் மாற்றிவிடுக. எஞ்சின் எண்ணெயை இதில் ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெடும். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருத்தல் கூடுமாதலால், தூசியை ஊதாமல் நனைத்துத் துடைத்தெடுக்க. முடிவில், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சோதித்த பின்னரே வண்டியைச் சாலைக்குக் கொணர்தல் வேண்டும். இதில் மானம் பார்த்தல் தகாது.

மின்கம்பிகளைப் பற்றி ஒன்றே கூறுவோம். பழைய இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கப்படி மாற்றி இணைத்தாற் சில கருவிகள் கெடும். இணைக்குமுன் வண்டியின் கைந்நூலைப் பார்த்துக்கொள்க.

எந்த எல்லையில் நிற்பது

செப்பனிடுவோர் பலர் இறுதியிற் செய்யும் பிழை மிகுதியாகச் செய்தலாகும். பழைய எஞ்சினை எடுத்தெறிந்து வேறு வண்டியின் எஞ்சினைப் பொருத்துவர். சட்டத்தை வெட்டி மாற்றுவர். அப்பொழுது நிற்பது பழைய வண்டியன்று. அதன் தோலணிந்த வேறொன்று. சட்டமும் இதனை நோக்குகின்றது. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதியலாம். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால், சேஸி, உடல், எஞ்சின் இவற்றிற் பெருமாற்றம் செய்யாதிருத்தல் வேண்டும்; நாள்தோறும் ஓட்டுதற்கோ வாடகைக்கோ அதனைப் பயன்படுத்தலாகாது. ஆதலின், மாற்றுவது எளிதாயினும், பழுது பார்க்கக்கூடியதைப் பழுது பார்த்தே வைத்துக்கொள்வது அறிவுடைமை. பாதுகாப்பிற்கு வேண்டிய மாற்றங்கள் மட்டுமே இதற்கு விலக்காகும்.

மாணவ நண்பர்களே! இவ்வேலைக்கு மிகுந்த பொருளினும் நீண்ட பொறுமையே வேண்டுவது. ஞாயிறுதோறும் சில மணி நேரம் எனக் கொண்டால், இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் பாஸ்கல் விதியும், துருவின் ரசாயனமும், மின்சுற்றும், உலோகங்களின் இயல்பும் வகுப்பறையிற் கேட்ட சொற்களாயிராமல் நும் விரல்நுனி அறிந்த உண்மைகளாகும். நும் வீட்டிலோ உறவினர் தோட்டத்திலோ மூடிக்கிடக்கும் பழைய வண்டியொன்று இருப்பின், அதனை எடைக்குப் போடுமுன் ஒருமுறை அதன் மூடியைத் திறந்து பாருங்கள். நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்ட பின்னரே ஸ்பானரை எடுங்கள்.