பின்னால் வருபவருக்கு நீங்கள்தான் கண்

யான் ஊரிலிருந்து ஜெராய் மலையைச் சைக்கிளில் ஒரு சுற்று வரலாம் என்று அறிமுகமில்லாத குழு ஒன்று அழைத்தால் தாராளமாகப் போங்கள். குவார் செம்பெடாக், குரூண், பீடோங், மெர்போக், சிங்கிர் என்று வந்தால் 1,217 மீட்டர் மலை வலக்கைப் பக்கமே நிற்கும், வழி தவறாது. தே தாரேக் ஆறுவதற்குள், முன்பின் தெரியாதவர்களோடு ஒட்டி ஓட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

ஏன் ஒட்டி ஓட்டுகிறார்கள்? சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடுகிறது. ஒருவர் பின்னால் நெருங்கிப் போனால் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், சில சமயம் அதற்கும் மேலே. வயலோரச் சாலையில் கடற்காற்று எதிரே அடிக்கும் நாளில் இது பெரிய லாபம். ஆனால் அந்த இடத்தில் உங்களுக்கு முன்னவரின் முதுகுதான் தெரியும், சாலை தெரியாது. அவர் கண்ணை நம்பி நீங்கள், உங்கள் கண்ணை நம்பி உங்கள் பின்னால் இன்னொருவர். எல்லா ஒழுங்கும் இதிலிருந்துதான் வருகிறது.

முதல் அரை மணி நேரம் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். ஒருவர் எப்படிப் பிரேக் பிடிக்கிறார், எப்படித் திரும்புகிறார் என்று பார்த்த பிறகு நெருங்கலாம். எவ்வளவு நெருங்கினாலும் உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போகக்கூடாது. அவர் சற்று விலகினாலே சக்கரங்கள் உரசும்; பெரும்பாலும் விழுவது பின்னால் இருப்பவர்தான்.

முன்னால் போகும் முறை வந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள். புது ஆள்கள் செய்யும் முதல் வேலை அதுதான். பலத்தைக் காட்டுவதாக நினைத்து வரிசையை அறுத்துவிடுவார்கள். இருந்த வேகத்திலேயே கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு, பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்து, விலகி, கடைசிக்கு வாருங்கள். முடியவில்லையா? "நான் பின்னாலேயே வருகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் நடுவில் புகுந்துகொண்டு, முறை வரும்போது நழுவுவதுதான் எரிச்சல்.

குழி இருந்தால் கையைத் தாழ்த்திக் காட்டி "லூபாங்!" என்று குரல் கொடுங்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் புரியும். உங்களுக்கு வந்த எச்சரிக்கையை அப்படியே பின்னால் கடத்துங்கள். நடுவில் ஒருவர் சும்மா இருந்தால் அவருக்குப் பின்னால் இருப்பவர் குழியில்தான் இறங்குவார். லோரி வந்தால் பேச்சை நிறுத்தி ஒற்றை வரிசையாகுங்கள். மூக்குச் சிந்தவோ துப்பவோ வேண்டுமென்றால் கடைசிக்குப் போய்விடுங்கள்.

மேட்டில் இருக்கையை விட்டு எழும்போது சைக்கிள் ஒரு கணம் பின்வாங்கும். ஆகவே பெடலை நன்றாக அழுத்திக்கொண்டே எழுங்கள். கடும் ஏற்றத்தில் வேகம் குறைவு, காற்று மறைவால் பெரிய பயனில்லை. அங்கே அவரவர் மூச்சுக்கு ஏற்ப ஏறி, உச்சியில் காத்திருப்பதுதான் வழக்கம். இறக்கத்தில் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

பிரான்சில் 1904-இல் ஆன்றி டெகிராஞ்ச் தொடங்கிய ஆடாக்ஸ் என்னும் குழுச் சைக்கிள் பயணங்களில் ஒரு தலைவர் முன்னால் போவார். அவரை யாரும் முந்தக்கூடாது. இன்றும் அந்த முறையில் மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தில் குழுவாக 200 கிலோமீட்டர் போகிறார்கள். நெடுந்தூரத்தில் குழுவைக் காப்பாற்றுவது சீரான வேகம்தான். அதனால் கிளம்பும் முன்பே வேகம் என்ன, எங்கே நிற்பார்கள், பின்தங்கினால் யார் காத்திருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கான டியூப், பம்ப், தண்ணீர் உங்களிடமே இருக்கட்டும்.

பாதியில் பிரிந்து வீட்டுக்குப் போவதென்றால் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அடுத்த சந்தியில் பத்துப் பேர் உங்களுக்காக வெயிலில் நிற்பார்கள்.