தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி வீட்டில் இருக்கா? ரிப்பேர் பார்க்கும் முன் இதைப் படிங்க!

அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், களக்காடு பக்கம் சில பழைய வீடுகளில் இன்னமும் ஒரு துப்பாக்கி இருக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று தாத்தா லைசென்ஸ் வாங்கி வைத்தது. பேரன் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருப்பார். லீவுக்கு ஊருக்கு வரும்போது அதை எடுத்துத் துடைத்து, விசையை இழுத்துப் பார்ப்பார். ‘டொக்’ என்று சத்தம் மட்டும் வரும். “சரி பண்ணிட்டு மலைப்பக்கம் ஒரு ரவுண்டு போவோமாலே?” என்று கூட்டாளிகளிடம் ஒரு கேள்வி.

அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில், அந்தத் துப்பாக்கி யாருடையது? லைசென்ஸ் தாத்தா பெயரில் இருந்து, அவர் இறந்துவிட்டால், வீடு, வயல் மாதிரி அது தானாகப் பேரனுக்கு வந்துவிடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, தாமதிக்காமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் புதிதாக லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் வரை பரணில் வைத்திருப்பதே குற்றம்தான்.

ஏன் வெடிக்கலை?

லைசென்ஸ் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பயிர்ப் பாதுகாப்புக்குக் கொடுக்கப்பட்டவற்றில் பல, குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டுக் கெட்டிக்கும் பழைய ரகம். கரிமருந்துக்கு ஈரம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மருந்து நமத்துப்போகும். சுட்ட பிறகு குழலில் படியும் கரியும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். தீப்பொறி போகிற சின்னத் துளை அடைத்துக்கொண்டால் கேப் மட்டும் வெடிக்கும், குண்டு நகராது. தோட்டா போடும் ரகம் என்றால் தேய்ந்துபோன ஊசி, தளர்ந்த ஸ்பிரிங், பல வருஷம் கிடந்த தோட்டா என்று காரணங்கள் வேறு.

உண்மையான ஆபத்து, வெடிக்காத அந்த நொடிக்கு அடுத்த நொடியில் இருக்கிறது. சில நேரம் மருந்து தாமதமாகத் தீப்பிடிக்கும். ‘வெடிக்கலையே’ என்று குழலுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் மிக மோசமான வேலை. குழலை ஆள் இல்லாத திசையில் நீட்டியபடி குறைந்தது அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும்; கரிமருந்துத் துப்பாக்கி என்றால் இன்னும் கூடுதலாக. வழக்கமான சத்தம் இல்லாமல் ‘புஸ்’ என்று வந்தால், குழலுக்குள் ஏதோ சிக்கியிருக்கலாம். அடுத்த முறை சுட்டால் குழலே வெடித்துக் கையைக் கொண்டுபோகும்.

இதை ஊர்ப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்ய முடியாதா? கூடாது. அதே சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும்.

சரி, மலைப்பக்கம் போனால்?

தாமிரபரணி இறங்கிவரும் அந்த மலை இப்போது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது ‘வேட்டை டிரிப்’ என்று ஒன்று கிடையாது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. சுட வேண்டும் என்றுகூட இல்லை, அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதே தவறு. அந்தச் சட்டத்தின் கணக்கில் கத்தி, வலை, கண்ணி எல்லாம் ஆயுதம்தான்!

இதெல்லாம் பொழுதுபோக்குக்குப் போகிறவருக்கு. ராத்திரி முழுக்கக் காவல் கிடந்தும் ஏத்தன் வாழையைக் காட்டுப்பன்றியிடம் பறிகொடுக்கும் அண்ணாச்சிக்கு? கையில் லைசென்ஸ் துப்பாக்கி, கண்முன்னே பன்றி. ஆனாலும் அவராகச் சுட முடியாது. துப்பாக்கி வைத்திருக்கும் அனுமதி வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு.

2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் வரும் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை என்றால் பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கி.மீ.க்கு அப்பால்தான் சுட முடியும். அதுவும் வனத்துறையினர் மட்டுமே. மலையடிவாரத்தை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவருக்கு இதில் என்ன கிடைத்தது என்று நீங்களே அளந்து பாருங்கள். அவருக்கு மிஞ்சுவது வேலியும், இழப்பீட்டு மனுவும்தான்.

அதே மலைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. கேரளா 2022-லேயே, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்குக் கொடுத்துவிட்டது. அங்கே சுடுவதற்குக் கூப்பிடப்படுகிறவர்களில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்களும் உண்டு.