கொல்லை வாழையும் நோய் தாங்கும் ரகங்களும்

குளத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் கிணற்றடியிலோ, குளித்த நீர் ஓடும் வாய்க்காலின் ஓரத்திலோ இரண்டொரு வாழை வைத்துப் பேணுவது தொன்றுதொட்ட வழக்கம். விருந்துக்கு இலையும், கறிக்குக் காயும் பூவும் தண்டும், பூஜைக்குப் பழமும் தருவதோடு, வீட்டில் வீணாகும் நீரையும் பயன்படுத்திக் கொள்வதால், கொல்லைக்கு இதனினும் உகந்த பயிர் காண்பது அரிது. ஆயினும், சில வருஷங்கள் செழித்திருந்த வாழை திடீரென மஞ்சளித்து மாய்வதும், அவ்விடத்திலேயே அண்டை வீட்டாரிடம் பெற்ற கன்றை வைக்க அதுவும் மடிவதும் உண்டு. தண்ணீர் போதவில்லை என்பர் சிலர். எரு போதவில்லை என்பர் சிலர். கண்ணேறு என்பாரும் உளர். உண்மைக் காரணம் பெரும்பாலும் நோயேயாகும். அந்நோய் இன்னதென்று அறிந்து, அதைத் தாங்கும் ரகத்தை வைப்பதே தக்க பரிகாரம்.

இங்கு முதலில் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். நம் நாட்டில் வழங்கும் வாழைகளுள் எல்லா நோய்களையும் தாங்கும் ரகம் எதுவும் இல்லை. ஒரு நோயை எதிர்த்து நிற்கும் வாழை மற்றொரு நோய்க்கு இரையாகும். ஆகையால், "எந்த வாழை நல்லது?" என்று கேட்பதைவிட, "இந்தக் கொல்லையில் எந்த நோய் இருக்கிறது?" என்று கேட்பதே பொருத்தம்.

நோய்களை அறியும் விதம்

வாடல் நோய்: இதைப் பனாமா வாடல் என்பர். மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சணம் வேர் வழியே புகுந்து, நீர் ஏறும் நாளங்களை அடைத்துவிடுகிறது. அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கும். தண்டின் அடிப்புறம் நெடுக வெடிப்பதும் உண்டு. கிழங்கை வெட்டிப் பார்த்தால் செம்பழுப்பு நிறப் புள்ளிகளும் இழைகளும் காணப்படும். இதுவே ஐயமற்ற அடையாளம். இப்பூஞ்சணம் பல பத்து வருஷங்கள் மண்ணிலேயே தங்கவல்லது. இதை அடியோடு போக்கும் மருந்து இல்லை.

இலைப்புள்ளி நோய்: இது காற்றிலும் மழைத் தூறலிலும் பரவும். இலையில் சிறு மஞ்சள் கோடுகள் தோன்றி, பழுப்புப் புள்ளிகளாகி, நடுவில் சாம்பல் நிறம் கொள்ளும். இலைகள் முன்னதாகவே காய்ந்துவிடுவதால் காய் திரளாமலே பழுத்துவிடும். மழைக்காலத்தில், நெருக்கமாக வைத்த மரங்களில் இது அதிகம்.

முடிக்கொத்து நோய்: இது அசுவினிப் பூச்சியால் பரவும் நச்சுயிரி நோய். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டுத் தெரியும். புதிய இலைகள் குறுகி, மேல்நோக்கிக் கொத்தாக நிற்கும். நோயுற்ற மரம் பெரும்பாலும் குலை தள்ளாது. இந்நோய் 1940-இல் இலங்கையிலிருந்து கேரளத்துக் கோட்டயம் பகுதிக்கு வந்தது. பின்னர், கீழ்ப்பழனி மலையின் புகழ்பெற்ற விருப்பாட்சி வாழையைப் பெரும்பரப்பில் அழித்ததும் இதுவே.

மடல் தேமல் நோய்: இதுவும் நச்சுயிரியால் வருவதே. தண்டின் வெளிமட்டையை உரித்தால் செந்நிறக் கீற்றுகளும், பூவின் மடல்களில் கருஞ்சிவப்புக் கோடுகளும் காணப்படும்.

ரகங்களின் குணங்கள்

பூவன் வாழை பனாமா வாடலை நன்கு எதிர்த்து நிற்கும். இலைக்கும் பழத்துக்கும் உதவுவது. ஆனால் மடல் தேமலுக்கும், இலையில் மஞ்சள் கீற்று விழச் செய்யும் மற்றொரு நச்சுயிரி நோய்க்கும் எளிதில் இலக்காகும்.

கற்பூரவல்லி வறட்சியையும் உவர் மண்ணையும் தாங்கும். இலைப்புள்ளிக்கும் அவ்வளவாக அஞ்சாது. மழையையும் கிணற்றையும் நம்பிய இவ்வட்டாரத்துக்கு ஏற்றதே. எனினும் வாடல் நோய் கண்ட மண்ணில் இதை வைப்பது வீண் பிரயாசை.

கறிக்குப் பெயர்பெற்ற மொந்தனை முடிக்கொத்து நோய் எளிதில் அணுகாது. வாடல் நோயோ விரைவில் பற்றும்.

ரஸ்தாளி சுவையில் சிறந்தது. வாடல் நோய்க்கு முதல் இரையாவதும் அதுவே. நெய்ப்பூவனும் வாடலுக்கு உட்படும். செவ்வாழையை வாடல், முடிக்கொத்து ஆகிய இரண்டும் தாக்கும்.

ரொபஸ்டா முதலிய பச்சை வாழைகள் நம் பகுதியில் வழக்கமாகக் காணும் வாடலைத் தாங்கும், இலைப்புள்ளிக்குத் தாழ்ந்துபோகும்.

ஆகவே, வாடலால் மரம் மடிந்த கொல்லையில் பூவனை வைப்பது நலம். வாடல் இல்லாத, நீர் குறைந்த கொல்லைக்குக் கற்பூரவல்லி தகும். ரஸ்தாளியை விரும்புவோர், இதுவரை வாழையே வைத்திராத புதிய இடத்தில், நோயற்ற கன்றைக் கொண்டு முயல வேண்டும்.

ஒரே ரகத்தை நம்புவதன் தீங்கு

நாம் உண்ணும் வாழை விதையால் பெருகுவதன்று. தாய்க்கிழங்கின் கன்றே அடுத்த மரமாவதால், தாயின் குணம் யாவும் கன்றிலும் மாறாது இருக்கும். தாயின் நோயும் கன்றோடு செல்லும். ஒரு ரகத்தை வெல்லக்கூடிய கிருமி தோன்றிவிட்டால் அந்த ரகம் முழுவதும் ஒருங்கே ஆபத்துக்குள்ளாகும். மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்குப் பயிரிட்டு வந்த குரோமிஷல் என்னும் வாழை பனாமா வாடலால் நாசமுற, 1950, 1960-களில் அதனைத் தாங்கும் கேவண்டிஷ் இனப் பச்சை வாழையை அதற்குப் பதிலாக வைத்தனர். பின்னர் அந்தக் கேவண்டிஷையே கொல்லும் புதிய வகை வாடற்பூஞ்சணம் தைவானில் காணப்பட்டு, தென்கிழக்கு ஆசியா முதலிய இடங்களில் பரவியது. இந்தியாவில் பீகார் மாநிலத்திலும் அது கண்டறியப்பட்டுள்ளது. ஒரு ரகத்தின் எதிர்ப்புச் சக்தி என்றென்றைக்கும் நிலைப்பதன்று என்பதற்கு இதுவே சான்று. நான்கு மரம் வைக்கும் கொல்லையிலும் இரண்டு ரகங்களைக் கலந்து வைப்பது விவேகம்.

கன்றும் நடவும்

தக்க ரகமாயினும் நோயுற்ற கன்றாயின் பயனில்லை. குலை ஈன்று நலமாக நின்ற மரத்தின் அடியிலிருந்து, குறுகிய இலைகளையுடைய ஈட்டிக் கன்றையே எடுக்க வேண்டும். அகன்ற இலையுடைய நீர்க்கன்று ஆகாது. கிழங்கின் வேர்களையும் மேற்புறத்தையும் மெல்லச் சீவிப் பார்த்து, பழுப்புப் புள்ளியோ கூன்வண்டு துளைத்த அடையாளமோ இருப்பின் விலக்கிவிட வேண்டும். ஒன்றரை அடிக் குழியில், மக்கிய தொழுவுரமிட்டு, மரத்துக்கு மரம் ஆறடிக்குக் குறையாமல் நடுதல் வேண்டும். புள்ளி விழுந்த இலைகளை அறுத்து அப்புறப்படுத்தினால் காற்றோட்டமும் உண்டாகும்.

வாடலால் மடிந்த மரத்தைக் கிழங்கோடு அகழ்ந்து அவ்விடத்திலேயே எரித்து, குழியில் ஒன்று அல்லது இரண்டு கிலோ சுண்ணாம்பு இட வேண்டும். அக்குழியின் நீர் மற்ற வாழைகளுக்குப் பாயாதபடி வாய்க்காலைத் திருப்புவது மிக அவசியம். அங்கே வெட்டிய மண்வெட்டியைக் கழுவாமல் வேறிடத்தில் வைத்தாலும் நோய் உடன் செல்லும். முடிக்கொத்து கண்ட மரத்தில் முதலில் அசுவினியை ஒழித்து, பின்னர் அதன் பக்கக் கன்றுகள் உள்பட முழுவதையும் தோண்டி அழிக்க வேண்டும். பார்வைக்கு நலமாயிருக்கும் பக்கக் கன்றிலும் நோய் மறைந்திருக்கும்.

சங்கம் செய்யக்கூடியவை

அண்டை வீட்டாருக்கும் உறவினருக்கும் வாழைக்கன்று கொடுப்பது நம்மவரின் நல்ல பழக்கம். ஆனால் நோயும் அந்தக் கைவழியே ஊர் முழுதும் சுற்றிவிடுகிறது. ஒருவர் தம் கொல்லையை மட்டும் சுத்தமாக வைப்பதால் ஊருக்குப் பாதுகாப்பு உண்டாகாது. கூட்டுறவின் பயன் இங்கேதான் தோன்றும்.

ஒவ்வொரு கொல்லையிலும் கண்ட நோய் இன்னது, மடிந்த ரகம் இன்னது என்று சங்க அங்கத்தினர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரலாம். நோயற்ற இடமொன்றைத் தெரிந்தெடுத்து, ஊருக்குப் பொதுவான கன்றுப் பாத்தி அமைக்கலாம். திசு வளர்ப்புக் கன்றுகள் வேண்டுமாயின் பலரும் கூடி ஒரே முறையாகத் தருவிப்பது சிக்கனம். அவை நச்சுயிரிச் சோதனை செய்யப்பட்டவையா என்று கேட்டு வாங்க வேண்டும். 2006 முதல் அத்தகைய கன்றுகளுக்கு மத்திய அரசின் சான்றளிக்கும் முறை ஏற்பட்டுள்ளது. ஐயமுள்ள நோய்களுக்கு, குளத்தூருக்கு வடக்கே திருச்சிராப்பள்ளியில் 1993-இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் ஆலோசனையைப் பெறலாம்.

கன்று கேட்டு வரும் அயலாருக்கு நலமான மரத்தின் கன்றைக் கொடுப்பதும், நோய் கண்ட மரமாயின் அதை மறைக்காமல் சொல்லி மறுப்பதும் ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும்.