குமாரமங்கலத்தாரின் படம்

கோட்டையிலே சட்டமன்ற மண்டபத்துச் சுவரைப் பார்த்ததுண்டா, தோழர்களே? வரிசையாகத் தொங்கும் படங்களில் மூன்றுக்குச் சேலத்து மண்ணோடு உறவு உண்டு.

ஒன்று, ராஜாஜியின் படம். பழைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர்; சேலத்தில் வக்கீல், பிறகு நகராட்சித் தலைவர். 1948-லேயே, அவர் உயிரோடிருக்கும்போதே, படம் ஏறிவிட்டது.

இரண்டாவது, வள்ளுவர். தீட்டியவர் சேலத்துக் காமாட்சிப்பட்டியில் பிறந்த வேணுகோபால் சர்மா. வள்ளுவரைக் கண்டவர் யார்? புகைப்படம் ஏது? ஓவியரின் உள்ளத்தில் உருவான முகம் அது! 1964-ல் ஜாகிர் உசேன் திறந்து வைத்தார்.

மூன்றாவது படந்தான் நம்மைத் தலைகுனிய வைக்கிறது. திருச்செங்கோட்டுக்கு அருகேயுள்ள குமாரமங்கலத்து ஜமீன்தார், டாக்டர் ப. சுப்பராயன். சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுத்தபோது சுயேச்சைகளைக் கூட்டி மந்திரிசபை அமைத்தவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சர். முத்தையா முதலியார் கையால் வகுப்புவாரி உத்தரவு நடப்புக்கு வந்தது அந்த ஆட்சியிலேதான். அதனால் சர்க்கார் உத்தியோகத்தின் வாசற்படியை முதன்முதலாக மிதித்த குடும்பங்கள் எத்தனை! பின்னர் ராஜாஜியின் மந்திரிசபை, ஓமந்தூராரின் மந்திரிசபை, இந்தோனேசியாவில் தூதர், டில்லியில் மந்திரி. 1962-ல் மராட்டிய கவர்னராக இருக்கும்போதே கண்மூடினார்.

அவர் படம் எப்போது ஏறியது? 2021 பிப்ரவரியில்! வ.உ.சி., ஓமந்தூரார் படங்களோடு ஒரே நாளில். முகமே தெரியாத வள்ளுவருக்கு 1964-ல் கிடைத்த இடம், ஊரறிந்த முகத்துக்குக் கிடைக்க இன்னும் 57 ஆண்டு. (வ.உ.சி.க்கே அந்தக் கதி என்றால் என்ன சொல்ல!)

காரணம் என்ன? என் கணக்கு இது: சுயேச்சையாகத் தொடங்கிக் காங்கிரசில் முடிந்தவர் அவர். மகள் பார்வதி கிருஷ்ணனோ கம்யூனிஸ்டு. "இவர் எங்களவர், படம் எங்கே?" என்று கேட்க ஒரு கட்சி இல்லை.

கோட்டையை விடுங்கள், உங்கள் கிளை மன்றத்துக்கு வாருங்கள். வாழும் தலைவருக்கு ஒரே இரவில் பிளெக்ஸ் அடித்து நிறுத்துகிறோம். மழைக்குக் கிழிகிறது, வெயிலுக்கு வெளுக்கிறது. கைத்தறிச் சங்கத்தை வளர்த்தவர், கொடிக்கம்பம் நட்டுச் சிறை சென்றவர் — அந்த மூத்தவர் படம் எங்கே? வீட்டிலே தேடினால் மாநாட்டுக் கூட்டப்படம் ஒன்று கிடைக்கும். அதில் அவர் முகம் துவரம்பருப்பு அளவு. ஓவியர் கேட்பார்: "நிறம் என்ன? மீசை எப்படி? துண்டு எந்தத் தோளில்?" பதில் சொல்ல அவரோடு பழகியவர்கள் வேண்டாமா? ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் குறைந்து வருகிறார்கள்.

அடுத்த கூட்டத்து வரவுசெலவில் ஓவியர் கூலி என்று ஒரு வரி எழுதுங்கள். பேரம் பேசாதீர்கள், அவரும் தொழிலாளிதான். படம் எழுதச் சொல்லப் போகும்போது, அந்தக் காலத்து ஆள் ஒருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.