பின்வாங்கிய மணிக்கூடும் மீட்புக் குறிப்பும்

பதுளை வைத்தியசாலையில் 1996ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு குழந்தை காலை ஆறரை மணிக்குப் பிறந்ததென வைத்துக்கொள்வோம். செய்தி தோட்டத்து லயத்தை எட்டுகிறது. பாட்டனார் நேரத்தைக் குறித்துக்கொண்டு சோதிடரிடம் செல்லுகிறார். யூன் மாதத்தில் நம் ஊரில் ஆறு மணிக்குப் பத்து நிமிடமளவு முன்னரே சூரியன் உதித்துவிடுவான். ஆகவே குழந்தை உதயத்தின் பின் பிறந்தது என்று சோதிடர் எழுதுவாராயின் அது பிழையாகும். அவ்வாண்டு மே மாதம் 25ஆந் தேதி பிறந்த நள்ளிரவிலே, அரசாங்கக் கட்டளைப்படி, மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டிருந்தன. பழைய கணக்கில் அக்குழந்தை பிறந்தது ஐந்தரை மணிக்கு. பஞ்சாங்க மரபில் நாள் உதயத்தோடு தொடங்குவதாதலின் கிழமையே மாறிவிடுகிறது; லக்கினமும் மாறக்கூடும்.

மழை பொய்த்து நீர்மின் தேக்கங்கள் வற்றிய காலம் அது. பகலொளியைக் கூடுதலாகப் பயன்படுத்தி மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தலாம் என்பதே நோக்கம். கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னின்ற இலங்கை ஆறரை மணி முன்னதாயிற்று. ஆயின் அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆந் தேதியே அரை மணி திருப்பிக் கொள்ளப்பட்டது. எஞ்சிய அரை மணி 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் தேதி, சித்திரைப் புத்தாண்டின் மறுநாள், திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளோ இடைப்பட்ட பத்தாண்டும் பழைய நேரத்தையே கைக்கொண்டிருந்தன.

இவ்வரலாறு உலகத்துக் கணினிகளும் கைபேசிகளும் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தொகுதியிலே பதிவாகி இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கிய அத்தொகுதியைப் பின்னர் போல் எகெர்ட் என்பவர் பேணி வருகிறார். ஆசியாவுக்குரிய கோப்பில் கொழும்பு என்னும் தலைப்பின் கீழ் எண்கள் மாத்திரம் இல்லை. அவை எவர் வாயிலாக, எத்தேதியில் தெரியவந்தன என்னும் குறிப்புகளும் உண்டு. மே மாத மாற்றத்துக்கு மின் நெருக்கடி காரணம் என்பது அங்கே இருக்கிறது. ஒக்டோபர் மாற்றத்துக்கு அமைச்சர் தர்மசிறி சேனநாயக்காவின் அறிவித்தல் இருக்கிறது. எப்போது, எவ்வளவு என்பன ஐயத்துக்கிடமின்றித் தெரிகின்றன. ஏன் பாதி மட்டும் திரும்பியது என்பதுதான் அதில் இல்லை. ஆயிரமாயிரம் ஊர்களின் நேரத்தைத் திரட்டுவோரை நாம் இதற்காகக் குறைகூறவில்லை. கிடைத்த அறிவித்தலைத்தானே அவர்கள் பதியமுடியும்? ஆனால் நாமே செய்து நாமே திருப்பும் காரியத்துக்கு அச்சாட்டு இல்லை.

நம் கல்லூரியின் இளைய தலைமுறையினர் பலர் இன்று கணினி நிரல் எழுதிப் பிழைக்கிறார்கள். அவர்கள் தொழிலில் ஒவ்வொரு மாற்றமும் கமிட் என்னும் பதிவாகச் சேர்கிறது. லினஸ் தோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய கிட் என்னும் கருவியே இப்பதிவேட்டைப் பெரும்பாலும் காத்து வருகிறது. செய்த மாற்றம் தீங்காக முடிந்தால் அதனை ரிவர்ட் செய்வார்கள். பழைய பதிவு அழிக்கப்படுவதில்லை. அதற்கு நேரெதிரான புதிய பதிவொன்று பின்னால் சேர்கிறது. தோட்டத்துச் செக்றோலில் பிழைபட்ட பெயரைச் சுரண்டி அழியாமல், கோடிழுத்துக் கையொப்பமிடுவதை ஒத்தது இது. கோடு மட்டும் இருந்து காரணம் இல்லையேல், சம்பளநாளன்று பேர் விழாத தொழிலாளிக்குக் கணக்கப்பிள்ளை என்ன சொல்லுவார்?

ரிவர்ட் செய்யும்போது கிட் தானாகவே ஒரு குறிப்பை எழுதித்தருகிறது. மீட்கப்படும் மாற்றத்தின் தலைப்பும் அதன் நெடிய அடையாள எண்ணும் அதில் இருக்கும். அவ்வளவே. எது மீட்கப்பட்டது என்பதைக் கருவி அறியும். ஏன் என்பதை அறியாது. அதனாலேயே காரணத்தையும் எழுதுங்கள் என்று அக்கருவியின் கையேடே வற்புறுத்துகிறது. அவசரத்தில் நம்மவர் அதனைப் படிப்பதில்லை. 'பழையபடி' என்ற ஒரு சொல்லை மாத்திரம் எழுதிவிட்டு இரவு வீடு சென்ற குற்றம் நமக்கும் உண்டு. ஆறு மாதத்தின் பின் அப்பதிவைப் பார்த்துத் திகைத்தவர்களும் நாமே.

ஒரு சோதிட நிரலையே எடுத்துக்கொள்வோம். அதில் 1996 முதல் 2006 வரையான பிறப்புகளுக்கு ஒரு மணியோ அரை மணியோ கழிக்கும் அட்டவணை இருக்கிறது. இன்றைய இலங்கை நேரம் ஐந்தரைதானே, இது எதற்கு என்று ஓர் இளைஞர் அதனை நீக்கிவிடுகிறார். ஜாதகங்கள் பிழைக்கின்றன. அவருடைய மாற்றத்தைத் திருப்புகிறார்கள். குறிப்பில் காரணம் இல்லாவிடில், அடுத்த ஆண்டு வேறோர் இளைஞர் அதே அட்டவணையைக் கண்டு அதே நியாயத்தால் மறுபடியும் நீக்குவார். அவரைத் தடுக்கக்கூடியது இத்தகையதொரு குறிப்பே:

"1996–2006 நேரத் திருத்தத்தை நீக்கிய மாற்றத்தை மீட்டல். அக்காலப் பிறப்புகளுக்கு உதயமும் லக்கினமும் பிழைத்தன. பதுளை, 1996 யூன், காலை 6.30 என இட்டுப் பார்க்க. இன்றைய நேரம் ஐந்தரையாயினும் பழைய பிறப்புப் பதிவுகள் அக்கால மணிக்கூட்டின்படி உள்ளன. முழு மாற்றமும் மீட்கப்படுகிறது. இடையில் அச்சிட்ட ஜாதகங்கள் இன்னும் திருத்தப்படவில்லை."

இதனோடு மாற்றத்தின் அடையாள எண்ணையும் சேர்த்தல் வேண்டும். கடைசி வாக்கியத்தைப் பலர் மறப்பர். நிரலைத் திருப்பினால் இடையில் அந்நிரல் ஈன்றவை திரும்புவதில்லை. 2006இல் மணிக்கூட்டைத் திருப்பியதால் பத்தாண்டுப் பிறப்புப் பதிவுகள் திருந்தவில்லையே!

முழுமையாகவா, பகுதியாகவா என்பதும் அற்பமன்று. 1996 ஒக்டோபரில் எவரேனும் "மே மாத மாற்றம் மீட்கப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால், படித்தவர் ஐந்தரை என்றே கொண்டிருப்பார், உண்மையோ ஆறு. மீட்பை மீட்பதும் நிகழ்வதுண்டு. அப்போது தலைப்பில் ரிவர்ட் என்ற சொல் அடுக்கடுக்காய் ஏறிப் பொருள் மயங்கும். இதனைத் தவிர்க்க 2023 முதல் கிட் அத்தகைய பதிவுக்கு மீளச் சேர்த்தல் எனப் பொருள்படும் வேறு சொல்லை இடுகிறது. முன்னர் எக்குறை கண்டு திருப்பினோம், அக்குறை இப்போது எவ்வாறு நீங்கியது என்பவற்றை நாம்தான் எழுதவேண்டும்.

குறிப்புக்கும் எட்டாத இடமொன்று உண்டு. 2006 ஏப்பிரல் 15 அதிகாலையில் 12.30 ஆனதும் மணிக்கூடு மீண்டும் 12.00 ஆயிற்று, அன்று 12.15 இருமுறை வந்தது. அந்நேரத்தில் பிறந்த பிள்ளைக்கு முந்தியதா பிந்தியதா என்று பதிவில் எழுதப்படாதிருப்பின், எந்த நிரலும் அதனைத் தீர்க்காது. தாயாரைத்தான் கேட்கவேண்டும்.